கொடுத்த பிறகு யார் திரும்பி வருகிறார்கள்? மாற்றுத்திறனாளிகளுக்கான தொண்டு நிறுவனங்களும் புதுமையும்

வாசகர் கேள்வி, 3 ஜூலை 2025

நான் பணிபுரியும் நிறுவனம் தன் சமூகப் பொறுப்பு நிதியில் ஒரு பகுதியை ஆண்டுதோறும் மாற்றுத்திறனாளிகளுக்காக ஒதுக்குகிறது. இதுவரை சக்கர நாற்காலி, மூன்று சக்கர வண்டி, காதொலிக் கருவி என்று வாங்கிக் கொடுத்து வந்தோம். புதுமையான திட்டத்துக்கு மட்டுமே நிதி என்று இவ்வாண்டு நிர்வாகம் முடிவெடுத்துள்ளது. வந்திருக்கும் விண்ணப்பங்களில் பெரும்பாலானவை ஏதேனும் ஒரு கைப்பேசிச் செயலியைப் பற்றியவை. சிறிய தொண்டு நிறுவனங்களால் புதிதாக எதையும் உருவாக்க முடியாது, அது ஐ.ஐ.டி. போன்ற ஆய்வுக்கூடங்களின் வேலை, தொண்டு நிறுவனங்கள் அங்கே உருவாவதை வாங்கி விநியோகித்தால் போதும் என்பது என் கருத்து. இத்துறையில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

3 ஜூலை 2025, இரவு

இக்கருத்தை நான் ஏற்கவில்லை. தென்மாவட்டம் ஒன்றில் சிறிய தொண்டு நிறுவனத்தில் களப்பணியும் கணக்கும் பார்ப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

எல்லாரும் அறிந்த ஜெய்ப்பூர் கால் என்ற செயற்கைக் காலிலிருந்தே தொடங்கலாம். அது 1968-இல் உருவானது. உருவாக்கிய இருவரில் ஒருவர் சவாய் மான்சிங் மருத்துவமனையின் எலும்பு மருத்துவர் பி.கே. சேத்தி, மற்றவர் ராம் சந்திர சர்மா, பள்ளிப்படிப்பு மிகக் குறைவான ஒரு கைவினைஞர். அக்காலத்தில் மருத்துவமனைகள் பொருத்திய மேலைநாட்டு வகைச் செயற்கைப் பாதத்தைக் காலணிக்குள் வைத்துத்தான் நடக்க வேண்டும். அதன் கணுக்கால் வளையாது. அதைப் போட்டுக்கொண்டு சம்மணமிட முடியாது, குத்த வைத்து உட்கார முடியாது, வயல் சேற்றில் இறங்க முடியாது, கோயில் வாசலில் காலணியைக் கழற்றவும் முடியாது. இந்தத் தடைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு, ரப்பரையும் மரத்தையும் சேர்த்து, வெறுங்காலாகவே நடக்கக்கூடிய பாதத்தை அவர்கள் உருவாக்கினார்கள். திருச்சி அருகே 1981-இல் நடந்த விபத்துக்குப் பிறகு காலை இழந்த சுதா சந்திரன் மீண்டும் மேடையேறி ஆடியது இந்தக் காலுடன்தான்.

இதுவரை பலருக்கும் தெரியும். அந்தப் பாதம் பிறந்த பிறகும் முதல் ஏழாண்டுகளில் சில டஜன் பேருக்கு மட்டுமே பொருத்தப்பட்டது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 1975-இல் டி.ஆர். மேத்தா பகவான் மகாவீர் விக்லாங் சகாயதா சமிதி என்ற தொண்டு நிறுவனத்தைத் தொடங்கிய பிறகே அது லட்சக்கணக்கானவர்களிடம் சென்று சேர்ந்தது. கூலி வேலை பார்க்கும் ஒருவர் அளவு கொடுக்க ஒரு முறை, பொருத்திப் பார்க்க ஒரு முறை, வாங்கிச் செல்ல ஒரு முறை என்று தொலைவிலிருந்து வந்து போக முடியாது என்பதை அவர்கள் முதலில் புரிந்துகொண்டார்கள். ஆகவே எந்த நேரத்தில் வந்தாலும் சேர்த்துக்கொள்வது, உடன் வருபவருக்கும் சாப்பாடும் தங்குமிடமும் கொடுப்பது, கூடுமானவரை அன்றைக்கே காலைப் பொருத்தி அனுப்புவது, கட்டணம் வாங்காதிருப்பது என்று வரவேற்பு மேசையிலிருந்து பட்டறை வரை எல்லாவற்றையும் வருபவரின் நிலைக்கு ஏற்ப அமைத்தார்கள். பாதத்தை ஆய்வுக்கூடம் செய்திருக்கலாம் என்று ஒரு பேச்சுக்கு ஒப்புக்கொண்டாலும், இந்த ஏற்பாட்டை எந்த ஆய்வுக்கூடமும் செய்திருக்காது.

4 ஜூலை 2025

நேற்று எழுதியதற்கு என் சொந்த அனுபவத்தையும் சேர்க்க வேண்டும். கைக்குழந்தையாக இருந்தபோது வந்த இளம்பிள்ளை வாதத்தால் எனக்கு இடக்காலில் வலு இல்லை. நினைவு தெரிந்த நாள் முதல் காலிப்பர் அணிகிறேன். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: தொடையிலிருந்து காலணி வரை இரு பக்கமும் இறங்கும் இரும்புப் பட்டைகள், அவற்றைக் காலோடு பிணைக்கும் தோல் வார்கள், முழங்கால் இணைப்பில் ஒரு பூட்டு. எழுந்து காலை நீட்டினால் பூட்டின் வளையம் சரிந்து விழுந்து மூட்டை இறுக்கிக்கொள்ளும். உட்கார வேண்டுமானால் இரு பக்கமும் விரலால் வளையத்தைத் தூக்கிவிட வேண்டும். வியர்வையில் அந்த வளையம் துருப்பிடிக்கும். துரு ஏறினால் பாதியில் நின்றுவிடும். பூட்டு விழுந்துவிட்டது என்று நம்பி எடையைக் காலில் ஊன்றினால் நடுத்தெருவில் விழ நேரும்.

சிறுவயதில் எனக்குக் காலிப்பர் கொடுத்தவர்கள் நல்லவர்கள். ஆனால் அது தரும் நாளில் அளவு சரியாக இருக்கும், அடுத்த பள்ளி ஆண்டு தொடங்குவதற்குள் கால் வளர்ந்திருக்கும். அறுந்த வாரைத் தைத்துக் கொடுத்தவர் பேருந்து நிலையத்தில் செருப்புத் தைக்கும் பெரியவர்; பூட்டுக்கு எண்ணெய் விட்டு அரம் போட்டுத் தேய்த்தவர் சைக்கிள் கடை அண்ணன். நான் பள்ளியை விடாமல் முடித்ததற்கு அந்த இருவருக்கும் பெரும் பங்குண்டு. எந்தத் திட்ட அறிக்கையிலும் அவர்கள் இல்லை. அந்த இருவரும் செய்ததை ஒரு நிறுவனத்தின் அன்றாடப் பணியாக்க முடியுமா என்ற கேள்விதான் என்னை இத்துறைக்குக் கொண்டுவந்தது.

6 ஜூலை 2025

"உதாரணம் வடக்கே இருக்கிறது, இங்கே என்ன நடந்திருக்கிறது" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். தென்காசிக்குப் பக்கத்தில் ஆய்க்குடிக்குச் சென்று பாருங்கள்.

எஸ். ராமகிருஷ்ணன் பொறியியல் மாணவராக இருந்தபோது, 1975-இல், கடற்படை அதிகாரிகளுக்கான தேர்வில் விழுந்து அடிபட்டுக் கழுத்துக்குக் கீழே இயக்கம் இழந்தவர். தமக்குச் சிகிச்சை அளித்த ராணுவ மருத்துவர் அமர்ஜித் சிங் சாகலின் பெயரால் 1981-இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தசைச்சிதைவு நோயுள்ள பட்டயக் கணக்காளர் எஸ். சங்கர ராமன் 1992-இல் அவருடன் இணைந்தார். சக்கர நாற்காலியில் இருக்கும் இருவர் தலைமையேற்று நடத்திய நிறுவனம் என்பதை முதலில் மனத்தில் வையுங்கள். அங்கே எடுக்கப்பட்ட பல முடிவுகளுக்கு அதுவே காரணம் என்று நான் கருதுகிறேன். ராமகிருஷ்ணனுக்கு 2020-இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது.

வளாகத்தில் பள்ளி, பயிற்சி, சிகிச்சை எல்லாம் உண்டு. ஆனால் நான் முக்கியமாகக் கருதுவது வளாகத்துக்கு வெளியே நடப்பதை. வளர்ச்சித் தாமதமுள்ள குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு தாய் வாரந்தோறும் இரண்டு பேருந்து மாறி வர முடியாது. ஆகவே கிராமங்களிலிருந்தே பெண்களைத் தேர்ந்தெடுத்து, சமூக மறுவாழ்வுப் பணியாளர்களாகப் பயிற்றுவித்து, அவர்களை வீடுகளுக்கு அனுப்புகிறார்கள். இயன்முறை, பேச்சு, செயல்முறை சிகிச்சை வல்லுநர்கள் அவர்களுக்குப் பின்னணியில் இருந்து வழிகாட்டுகிறார்கள். பணியாளர் குழந்தையின் நிலையைக் கைப்பேசிச் செயலியில் பதிவு செய்கிறார். வல்லுநர் அதைப் பார்த்துத் திட்டத்தைத் திருத்துகிறார். அடுத்த குறிக்கோள் என்ன என்பது பெற்றோருடன் பேசி முடிவாகிறது.

இதே முறையில் பணியாற்றும் பெண் ஒருவருடன் எங்கள் பகுதியில் ஒரு வீட்டுக்குச் சென்றதைச் சொல்கிறேன். மூளை முடக்குவாதம் உள்ள குழந்தை; தாய் பீடி சுற்றுபவர். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி என்பதால் பகல் முழுவதும் மடியில் சுளகு. முன்பு பார்த்த மருத்துவமனையில் தினமும் ஒரு மணி நேரம் பயிற்சி கொடுக்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அந்த ஒரு மணி நேரம் அத்தாயிடம் இல்லை. வந்த பணியாளர் அந்தச் சீட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. புகையிலைத் தூள் பறக்காத எதிர் மூலையில், இரண்டு சுவர்கள் கூடும் இடத்தில், குழந்தையின் இரு தோள்களும் சுவரில் சாயும்படி உட்கார வைத்தார். கால்கள் பின்னிக்கொள்ளாமலிருக்க நடுவில் ஒரு பிளாஸ்டிக் குடத்தைக் கவிழ்த்து வைத்தார். குடத்தின் மேல் இரண்டு கரண்டிகள். குழந்தை தட்டுவதற்காகக் கையை நீட்ட வேண்டும். நீட்டினால் முதுகு நிமிர வேண்டும். குளிப்பாட்டும்போது எந்தப் பக்கமாகத் திருப்புவது, சோறூட்டும்போது தலையை எந்தக் கோணத்தில் வைப்பது என்று எல்லாப் பயிற்சியையும் தாய் ஏற்கெனவே செய்யும் வேலைகளுக்குள் பிரித்து வைத்தார். "இது நானே செய்யலாமே அக்கா" என்றார் அந்தத் தாய்.

7 ஜூலை 2025

"அதுவும் செயலிதானே, அப்படியானால் என் கையில் உள்ள விண்ணப்பங்களில் என்ன குறை?" என்று கேள்வி கேட்டவரே எழுதியிருக்கிறார். நியாயமான கேள்வி.

ஆய்க்குடியில் வீட்டுக்குச் செல்லும் பழக்கம் முதலில் வந்தது. செயலி பின்னால் வந்தது. காகிதத்தில் எழுதி வைத்த பதிவேடுகள் வல்லுநரிடம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தன என்ற உண்மையான இடர்ப்பாட்டுக்கு அது விடை. வீட்டுக்குச் செல்ல ஆளே இல்லாத நிறுவனம் செயலியை மட்டும் உருவாக்கினால், அதில் யார் எதைப் பதிவு செய்வார்? உங்களிடம் வந்திருக்கும் விண்ணப்பங்களில் ஊதியம் பெறும் களப்பணியாளர் எத்தனை பேர் என்ற பத்தியை மட்டும் முதலில் படித்துப் பாருங்கள்.

11 ஜூலை 2025

சக்கர நாற்காலியைப் பற்றி விரிவாக எழுத வேண்டியிருக்கிறது. நன்கொடையாளர்கள் அதிகம் வாங்கிக் கொடுப்பதும், அதிகம் வீணாவதும் அதுவே என்பது என் அனுபவம்.

பனையேறி விழுந்து முதுகுத்தண்டு அடிபட்ட இளைஞர் ஒருவரை எனக்குத் தெரியும். பொருள் வழங்கும் முகாம் ஒன்றில் அவருக்கும் ஒரு நாற்காலி கொடுத்தார்கள். மருத்துவமனைத் தாழ்வாரங்களில் நோயாளிகளைத் தள்ளிச் செல்வதற்கான மடக்கு நாற்காலி அது. அவருடைய இடுப்புக்கு இரு பக்கமும் கை நுழையும் அளவுக்கு அகலம். மெத்தை கிடையாது. ரெக்சின் தொங்கி நடுவில் பள்ளம் விழுந்துவிட்டது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாதவருக்கு வலி தெரியாது. ஒரே இடத்தில் எலும்பு அழுந்த அழுந்த உள்ளே சதை செத்துப் புண்ணான பிறகே வெளியே தெரிந்தது. அந்தப் படுக்கைப்புண் ஆறுவதற்கு மாதக்கணக்கில் குப்புறப் படுத்திருந்தார். முகாமின் படங்களில் அவர் மாலையுடன் சிரித்துக்கொண்டிருக்கிறார். அந்தப் படத்தை இன்றைக்கும் என்னால் அமைதியாகப் பார்க்க முடியவில்லை.

இது நடக்கக்கூடாது என்பதற்கான வழிமுறையை உலக சுகாதார நிறுவனம் 2008-லேயே வெளியிட்டது. அதில் சக்கர நாற்காலிச் சேவைக்கு எட்டுப் படிகள் சொல்லப்பட்டிருக்கின்றன. நபரை அனுப்பிவைத்து நாள் குறிப்பது, உடலையும் வாழ்நிலையையும் மதிப்பிடுவது, எந்த வகை என்று தீர்மானிப்பது, நிதி ஏற்பாடு செய்து வரவழைப்பது, நாற்காலியைத் தயார் செய்வது, பொருத்திச் சரிபார்ப்பது, பயனாளருக்குப் பயிற்சி அளிப்பது, பிறகு தொடர்ந்து பழுது பார்ப்பது. முகாமில் நடப்பது நான்காவது படியும், பெயரளவுக்கு ஐந்தாவதும். மற்றவை நடப்பதே இல்லை. எட்டையும் செய்து காட்டும் தொண்டு நிறுவனம் ஒன்று எந்தக் கண்டுபிடிப்பும் இல்லாமலேயே நம் மாவட்டங்களில் பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்துவிடும்.

சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் சுஜாதா சீனிவாசன் வழிநடத்தும் மையத்தில் பிறந்த நியோஃப்ளை நாற்காலியை இங்கே பாராட்டியாக வேண்டும். பயன்படுத்துபவரின் உடலளவை எடுத்து அதற்கேற்பச் செய்யப்படுவது அது. முன்னால் இணைத்துக்கொள்ளும் நியோபோல்ட் என்ற மின்மோட்டார் பகுதியைச் சேர்த்தால் சாலையில் வண்டியாகவே ஓட்டிச் செல்லலாம். நானும் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். மேடும் பள்ளமுமான எங்கள் ஊர்ச் சாலையில் தோள் வலிக்காமல் போக முடிந்தது பெரிய விஷயம். ஆனால் இரண்டையும் சேர்த்து வாங்க ஒரு லட்சத்தை ஒட்டிய தொகை வேண்டும். அளவெடுக்கத் தெரிந்த ஆளும், பிறகு பிரேக்கை இறுக்கிக் கொடுக்கும் ஆளும் ஊரில் வேண்டும். ஆய்வுக்கூடம் முடிக்கும் இடத்தில் தொண்டு நிறுவனத்தின் வேலை தொடங்குகிறது. விநியோகம் என்ற ஒரு வார்த்தையில் அதை அடக்கிவிடக் கூடாது.

12 ஜூலை 2025

மத்திய அரசின் உதவி உபகரணத் திட்டமான ஏடிப் 1981 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் விதிப்படி பெரியவர்கள் ஒருமுறை பெற்ற உபகரணத்தையே மீண்டும் பெற மூன்றாண்டு இடைவெளி வேண்டும். 12 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு ஓராண்டு. பொதுப்பணத்தைக் கையாளும் திட்டத்துக்கு இப்படியொரு வரம்பு தேவை என்பதை ஏற்கிறேன். அந்த மூன்றாண்டுக்குள் முன்சக்கரத்தின் பேரிங் தேய்ந்தால் யாரிடம் போவது என்பதற்கு உள்ளூரில் ஒரு விடை இருக்க வேண்டும் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

15 ஜூலை 2025

3 ஜூலை அன்று எழுதியதை மீண்டும் படித்தேன். அன்றைக்கே காலைப் பொருத்தி அனுப்புவதை அங்கே மிகவும் புகழ்ந்திருக்கிறேன். அந்தப் புகழ்ச்சியைத் திரும்பப் பெறவில்லை. ஆனால் அதன் மறுபக்கத்தையும் எழுத வேண்டும். அறுவைக்குப் பிறகு எஞ்சியிருக்கும் காலின் முனை முதல் சில மாதங்களில் வீக்கம் வடிந்து சுருங்கிக்கொண்டே வரும். அந்த முனை பொருந்தும் செயற்கைக் காலின் குழிவு, அன்றைக்குக் கச்சிதமாக இருந்தது, சில மாதங்களில் தளர்ந்து, உள்ளே கால் ஆடத் தொடங்கும். துணி சுற்றிச் சுற்றிச் சமாளிப்பார்கள். ஓரிடத்தில் உராய்ந்து புண்ணாகும். கடைசியில் செயற்கைக் கால் பரணுக்குப் போகும். சர்க்கரை நோயால் காலை இழந்தவர்களுக்கு அந்தப் புண் மீண்டும் ஓர் அறுவையில் கொண்டுபோய் விடலாம். விரைவாகக் கொடுப்பதும் வேண்டும், மறுபடியும் வந்து பார்ப்பதும் வேண்டும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், நான் இப்போது தாமதத்தையே தேர்ந்தெடுப்பேன் என்று நினைக்கிறேன். ராஜஸ்தானின் கூலித் தொழிலாளர் ஒருவர் இதற்கு உடன்படமாட்டார் என்பதும் எனக்குத் தெரிகிறது. இதில் எனக்கு முடிந்த முடிவு இல்லை.

18 ஜூலை 2025

நிதியைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள்; கணக்குப் பார்ப்பவன் என்பதால் சற்று நேராகவே பேசுகிறேன்.

2013 நிறுவனங்கள் சட்டத்தின் 135-ஆம் பிரிவின்படி, வரம்புக்குள் வரும் நிறுவனங்கள் முந்தைய மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். அதில் நிர்வாகச் செலவு 5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று விதி சொல்கிறது. அந்த 5 விழுக்காடு நிதி கொடுக்கும் நிறுவனம் தன் அலுவலகத்தில் செய்துகொள்ளும் நிர்வாகச் செலவைப் பற்றியது. ஆனால் எங்களைப் போன்றவர்களிடம் வரும் ஒப்பந்தங்களில் பல, எங்கள் செலவையும் அதே கட்டத்துக்குள் அடைக்கச் சொல்கின்றன. வீட்டுக்குச் செல்லும் பணியாளரின் ஊதியம், அவருடைய இருசக்கர வாகனத்துக்குப் பெட்ரோல், எல்லாம் நிர்வாகச் செலவு என்ற தலைப்பில் தள்ளப்பட்டு வெட்டப்படுகின்றன. நாற்காலியின் விலை மட்டும் திட்டச் செலவாக ஏற்கப்படுகிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான பணியில் ஆளே திட்டம். அந்தப் பெண் குடத்தைக் கவிழ்த்து வைத்ததற்கு ஆன பொருட்செலவு ஒன்றுமில்லை. அவர் அங்கே வந்து சேர்ந்ததற்கும், அப்படிச் செய்ய அறிந்திருந்ததற்கும்தான் செலவு.

வெளிநாட்டு நிதியிலும் இதே நிலை. 2020-இல் திருத்தப்பட்ட வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் நிர்வாகச் செலவின் உச்சவரம்பை 50 விழுக்காட்டிலிருந்து 20-ஆகக் குறைத்தது. ஒரு நிறுவனம் பெற்ற வெளிநாட்டு நிதியை மற்றொரு நிறுவனத்துக்குப் பகிர்ந்து கொடுப்பதையும் முற்றிலுமாகத் தடுத்தது. அதுவரை நகரத்தின் பெரிய அமைப்புகள் ஒரு முறையைச் சோதித்துப் பார்த்து, கிராமத்துச் சிறு அமைப்புகளுக்கு நிதியுடன் சேர்த்து அதைக் கற்றுக் கொடுக்க முடிந்தது. அந்த வழி அடைபட்டுவிட்டது. சிறு நிறுவனங்கள் புதிதாக எதுவும் செய்வதில்லை என்று உங்களுக்குத் தோன்றியதில் இதற்கும் பங்கு இருக்கலாம்.

19 ஜூலை 2025

சாதனங்களைப் பற்றியே பேசிக்கொண்டிருந்துவிட்டேன். மனநலக் குறைபாடு உள்ளவர்களும் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைக்குள் வருகிறார்கள். அங்கே கொடுப்பதற்குக் கருவி எதுவும் இல்லை. ஆகவே புதுமை என்றால் என்ன என்பது அங்கேதான் தெளிவாகத் தெரிகிறது.

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் நடந்ததை நம்மில் யாரும் மறந்திருக்க முடியாது. மனநலக் காப்பகக் கொட்டகையில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த நோயாளிகளில் 28 பேர் எரிந்து இறந்தார்கள். அதற்குப் பிறகு நிகழ்ந்த பேச்சு பெரும்பாலும் காப்பகங்களை எப்படிப் பாதுகாப்பாக நடத்துவது என்பதைச் சுற்றியே இருந்தது. வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் 1993-இல் சென்னையில் தொடங்கிய தி பான்யன், தெருவில் தவித்த பெண்களுக்கு அடைக்கலமும் சிகிச்சையும் கொடுத்து, குணமடைந்தவர்களைக் குடும்பங்களில் சேர்த்து வந்தது. திரும்பிச் செல்லக் குடும்பம் இல்லாதவர்கள் ஆண்டுக்கணக்கில் காப்பகத்திலேயே தங்கிவிட நேர்ந்தது. அவர்களுக்காக ஹோம் அகெய்ன் என்ற திட்டத்தில், சாதாரணத் தெருக்களில் சாதாரண வீடுகளை வாடகைக்கு எடுத்து, சிலர் சேர்ந்து ஒரு வீட்டில் வாழ வழி செய்தார்கள். உதவிக்கு ஒரு பணியாளர். சமைப்பது, கடைக்குப் போவது, பக்கத்து வீட்டில் விசேஷத்துக்குப் போவது எல்லாம் அவர்களே.

தாங்கள் நன்றாக நடத்திவந்த ஒன்றை ஒரு நிறுவனம் தானே கேள்வி கேட்டு, தன் கூரையின் கீழிருந்து ஆட்களை வெளியே அனுப்பியது எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. கட்டடம் கட்டி, கல்வெட்டில் நன்கொடையாளர் பெயரைப் பொறித்துவிட்ட பிறகு, இது போதாது என்று சொல்வது எளிதல்ல. வாடகை வீட்டில் கல்வெட்டு வைக்க முடியாது. உங்கள் நிர்வாகம் இதற்கு ஒப்புக்கொள்ளுமா?

23 ஜூலை 2025

ஆய்வுக்கூடம் உருவாக்கும், தொண்டு நிறுவனம் எடுத்துச் செல்லும் என்ற பிரிவுக்குத் திரும்பி வருகிறேன். பேச இயலாத குழந்தைகளுக்கான ஆவாஸ் கருவியை எடுத்துக்கொள்ளுங்கள். அதை உருவாக்கியவர் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த அஜித் நாராயணன். ஆனால் அந்தத் தேவை அவருக்குத் தெரிய வந்தது 1985 முதல் சென்னையில் மூளை முடக்குவாதக் குழந்தைகளுடன் பணியாற்றிவரும் வித்யாசாகர் என்ற தொண்டு நிறுவனத்தின் வழியாக. தலையை ஒரு பக்கம் சாய்ப்பது மட்டுமே முடிகிற குழந்தை, திரையில் நகரும் படங்களில் ஒன்றை அந்த ஒரே அசைவால் தேர்ந்தெடுக்க முடியும் என்றால், எந்த வேகத்தில் நகர வேண்டும், எந்தச் சொல் முதல் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதெல்லாம் அக்குழந்தைகளுடன் நாள்தோறும் அமர்ந்திருப்பவர்களுக்கே தெரியும். பெரியவர்கள் பட்டியல் போட்டால் "தண்ணீர் வேண்டும்", "கழிப்பறை போக வேண்டும்" என்றுதான் தொடங்குவார்கள். எங்கள் மையத்தில் ஒரு சிறுமி படப் பலகையில் தானாக முதலில் கேட்டு வாங்கிச் சேர்த்துக்கொண்ட சொல் "வேண்டாம்". அன்று முழுவதும் எல்லாரிடமும் அதையே காட்டிக் காட்டிச் சிரித்தாள். நாங்களும் சேர்ந்து சிரித்தோம்.

காட்பாடியின் வொர்த் டிரஸ்டும் நினைவுக்கு வருகிறது. 1960-களில் சுவீடன் செஞ்சிலுவைச் சங்கத்தின் ஆதரவுடன், தொழுநோயிலிருந்து குணமடைந்தவர்களுக்கான தொழிற்கூடமாகத் தொடங்கியது. இன்றைக்கு மாற்றுத்திறனாளிகள் அங்கே இயந்திர உதிரிபாகங்கள் செய்கிறார்கள். பார்வையற்றோர் எழுதும் பெர்கின்ஸ் பிரெய்ல் இயந்திரமும் அங்கே தயாராகிறது. விற்பனையில் வரும் பணத்தில் ஊதியம் பெறுகிறார்கள் என்பதைச் செயலி விண்ணப்பங்களுக்கு நடுவே சற்று யோசித்துப் பாருங்கள்.

26 ஜூலை 2025

"இதையெல்லாம் அரசே செய்துவிட்டால் தொண்டு நிறுவனங்கள் எதற்கு?" என்று ஒரு அம்மா கேட்டிருக்கிறார். தமிழ்நாட்டில் அரசு செய்யத் தொடங்கியிருக்கிறது என்பது மகிழ்ச்சிக்குரியது. 2022-இல் உலக வங்கி 16.2 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் அளித்த உரிமைகள் திட்டத்தின் கீழ், பல சிகிச்சைகளும் ஓரிடத்தில் கிடைக்கும் விழுதுகள் மையங்கள் திறக்கப்பட்டு வருகின்றன. வீட்டருகே சேவை என்ற எண்ணம் தொண்டு நிறுவனங்கள் நெடுங்காலம் செய்து காட்டியது. அது அரசின் கைக்குப் போவதையே நான் விரும்புகிறேன். எட்டுக் கோடி மக்கள் உள்ள மாநிலத்துக்கு நன்கொடை போதாது.

ஆனால் கொடுத்த பிறகு வந்து பார்க்கும் வேலையை அரசிடமும் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். மாற்றுத்திறனாளி அமைப்புகளின் பல ஆண்டுக் கோரிக்கைக்குப் பிறகு, மெரினாவில் கடல் அருகே செல்லும் மரப்பாதை 2022 நவம்பர் 27 அன்று திறக்கப்பட்டது. முதல் முறையாகக் கடலை அருகிலிருந்து பார்த்தவர்கள் அழுததை நாம் செய்திகளில் கண்டோம். இரண்டு வாரம் ஆவதற்குள் மாண்டஸ் புயலில் அதன் ஒரு பகுதி சேதமடைந்தது. சரிசெய்தார்கள். மணல் மூடிக்கொண்டே இருக்கும் கடற்கரையில் அந்தப் பாதையைத் தினமும் கூட்டி வைக்க ஆள் வேண்டும்.

30 ஜூலை 2025

கேள்வி கேட்டவர் தனிச்செய்தியில் எழுதியிருந்தார். நிர்வாகத்திடம் பேசியதாகவும், நாற்காலி வாங்கும் தொகையில் ஒரு பகுதியைப் பழுதுபார்க்கும் பணிக்கு மாற்ற ஒப்புக்கொண்டதாகவும், ஆனால் அதில் என்னென்ன தலைப்புகள் போடுவது என்று தெரியவில்லை என்றும் கேட்டிருக்கிறார். எல்லாருக்கும் பயன்படலாம் என்பதால் இங்கேயே எழுதுகிறேன்.

முதலில் ஒரு மெக்கானிக்கின் ஊதியம், முழு ஆண்டுக்கு. மாற்றுத்திறனாளி ஒருவரையே அந்த வேலைக்குப் பயிற்றுவிக்கும்படி விண்ணப்பதாரரிடம் கேளுங்கள். எங்கள் பக்கம் மூன்று சக்கர வண்டியைத் தானே கழற்றி மாட்டத் தெரிந்தவர்கள் பலர் இருக்கிறார்கள். அடுத்து அவர் ஊர் ஊராகச் செல்லப் பக்கச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டரும் எரிபொருளும். பிறகு உதிரிபாகம். மடக்கு நாற்காலிகளில் பெரும்பாலும் பின்சக்கரம் 24 அங்குலம், முன்சக்கரம் 8 அங்குலம். முன்சக்கரமும் அதன் பேரிங்கும்தான் முதலில் போகும், ஆகவே அவற்றை அதிகமாக வாங்கி வைக்கச் சொல்லுங்கள். பின்சக்கரத்துக்கு டியூப், பிரேக் கட்டைகள், கால் வைக்கும் பலகை, உட்காரும் ரெக்சின். முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டவர்களுக்கு அழுத்தத்தைப் பரப்பும் மெத்தைகள் தனித் தலைப்பாக இருக்கட்டும், அதில் கை வைக்க வேண்டாம். காலிப்பருக்குத் தோல் வாரும் பூட்டு வளையமும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆண்டறிக்கையில் எத்தனை நாற்காலிகள் கொடுத்தோம் என்று கேட்காதீர்கள். கொடுத்து ஓராண்டு ஆன நாற்காலிகளில் எத்தனை இன்னும் ஓடுகின்றன என்று கேளுங்கள். அந்த எண்ணிக்கையை வீட்டுக்கு நேரில் சென்று பார்த்துத்தான் எழுத முடியும். ஒப்பந்தப் படிவத்தின் வரைவு கையில் வந்ததும் அனுப்புங்கள், நிர்வாகச் செலவுப் பகுதியை நான் பார்த்துத் தருகிறேன்.